சத்தம் போட்டது யார்?



பணி ஓய்வுக்குப் பிறகு நான் எலெக்ட்ரிக் கிட்டார் பழகுவது உங்களில் பலருக்குத் தெரியும். டியூனர், டிஸ்டார்ஷன், டிலே, ரிவெர்ப் என்று நான்கு பெடல்களை வரிசையாகப் பலகையில் பொருத்தி, ஆம்ப்ளிஃபயரில் இணைத்திருக்கிறேன். நான்குக்கும் ஒரே 9 வோல்ட் அடாப்டர்.

ஒரு மாதமாக 'ஙொய்' என்று ஓர் இரைச்சல். டிஸ்டார்ஷனை மிதித்தால் கூடும், அணைத்தால் அடங்கும். அது 1978 முதல் விற்பனையில் இருக்கும் ஆரஞ்சு நிற பாஸ் டிஎஸ்-1. கோளாறு அதில்தான் என்று முடிவுகட்டி, விற்கக் கிளம்பிவிட்டேன்.

நேற்று பொறுமையாக ஒவ்வொரு பெடலாகக் கழற்றிப் பார்த்தேன். டிலேயைக் கழற்றியதும் இரைச்சல் நின்றது! டிஜிட்டல் பெடலான அது, பொது அடாப்டரின் கம்பி வழியே தன் இரைச்சலை மற்றவற்றுக்கும் ஏற்றியிருக்கிறது. டிஸ்டார்ஷன் செய்ததெல்லாம், வந்ததைப் பெரிதாக்கிக் காட்டியதுதான். டிலேக்குத் தனி அடாப்டர் கொடுத்தேன். சரியாகிவிட்டது.

ஆனால் இரவு தூக்கம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் சத்தம் கேட்டாலே, கடைசி பெஞ்சில் ஒரு பையனைத்தான் எழுப்பி நிறுத்துவேன். அவனுக்குப் பெரிய சிரிப்பு. அதுதான் முதலில் காதில் விழும். சிரிக்க வைத்தது யாரென்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. ஒருமுறை பிரம்பாலும் அடித்தேன். "நான் இல்ல சார்" என்றான்.

தம்பி, இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுது. அன்று நீ சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துவிடு.

பெடலை விற்கவில்லை.