அறுந்த இழை

எங்கள் ஊர் அம்மையார்குப்பம். திருத்தணிகை மலைக்கு அண்மையில், ஆந்திர எல்லையை அடுத்துள்ள நெசவாளர் ஊர் அது. அங்கே ஒரு காலைப்பொழுதில் நான் செய்த பிழையை இன்று நினைத்தாலும் நாணம் தோன்றுகிறது.

என்னிடம் பழைய அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. அவ்வகைக் கார்களின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அன்று கிருத்திகை. படியேற இயலாத என் அன்னையைக் காரில் மலைமேல் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தேன். சாவியைத் திருப்பினேன். 'டக்' என்னும் ஒலி மட்டும் கேட்டது, எஞ்சின் சுழலவில்லை. பன்முறை முயன்றும் பயனில்லை.

முதல்நாள் மாலை அண்டை வீட்டுச் சிறுவன் காரைக் கழுவித் துடைத்திருந்தான். "நீ விளக்கை எரியவிட்டுச் சென்றாய்; பாட்டரி தீர்ந்துவிட்டது!" என்று பலர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். "நான் விளக்கைத் தொடவே இல்லை, ஐயா" என்றான். நான் செவிசாய்க்கவில்லை. அவன் கண்ணீரை அடக்கிக்கொண்டு வீட்டினுள் சென்றான்.

நண்பகலில் முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். அவர் உடனே கருவிகளை எடுக்கவில்லை. "முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள், ஐயா" என்றார். 'டக்' என்ற ஒலி கேட்டது. பளிச்சென்று எரிந்த விளக்குகள் சிறிதும் மங்கவில்லை.

"பாட்டரி தீர்ந்திருந்தால் விளக்கு இவ்வாறு எரியுமா? எஞ்சினைச் சுழற்றும் மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது விளக்கு சற்றேனும் மங்கும். இங்கே மங்கவில்லை. ஆகவே மின்னோட்டம் மோட்டார் வழியே பாயவில்லை. வழி எங்கோ அறுந்திருக்கிறது" என்றார் அவர்.

பின்னர், "மின்சாரம் சென்றால் மட்டும் போதாது, திரும்பிவரவும் வழி வேண்டும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. அதனால் எஞ்சினையும் வண்டியின் உடலையும் ஒரு செம்புப் பட்டையால் இணைத்திருக்கிறார்கள்" என்று விளக்கினார்.

வோல்ட்மானியின் ஒரு முனையைப் பாட்டரியின் உடலிணைப்பு முனையிலும், மற்றொன்றை எஞ்சினிலும் வைத்தார். நான் சாவியைத் திருப்பினேன். இணைப்பு நன்றாக இருந்தால் அரை வோல்ட்டுக்குக் குறைவாகவே காட்ட வேண்டும். அப்போதோ பத்து வோல்ட்டுக்கு மேல் காட்டியது! அவ்விரண்டு இடங்களையும் ஒரு தடித்த கம்பியால் இணைத்தார். எஞ்சின் உடனே முழங்கியது. கீழே குனிந்து பார்த்தால், செம்புப் பட்டை பச்சைக் களிம்பேறி இற்றுப்போயிருந்தது. துருவைச் சுரண்டிவிட்டுப் புதிய பட்டையை முடுக்கினார்.

கார் சீராயிற்று, என் மனம் சீராகவில்லை. விளக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால், அச்சிறுவன் குற்றமற்றவன் என்பது காலையிலேயே விளங்கியிருக்கும். அச்சிறு சோதனையைச் செய்யாமல் நான் பழியைச் சுமத்திவிட்டேன்.

அவன் வீட்டிற்குச் சென்றேன். தறியருகே அவன் தன் தந்தைக்குத் துணையாக, அறுந்த பாவிழையின் முனையைத் தேடி முடிந்துகொண்டிருந்தான். அறுந்த இடம் எதுவென்று காணுமுன் நல்ல இழையில் அவன் கைவைக்கவில்லை. நானோ நல்ல இழையையே அறுத்துவிட்டேன்.

"தம்பி, பிழை என்னுடையது, என்னை மன்னித்துவிடு" என்று அவன் தந்தையின் முன்னிலையில் கூறினேன். சிறுவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கார் கிளம்பிவிட்டதா, ஐயா?" என்று கேட்டான்.

அன்று மாலை என் அன்னையோடு அவனும் மலைக்கு வந்தான்.