கோணிய விரல்களுக்கு ஒரு நன்றி

பெருமதிப்பிற்குரிய டாக்டர் கோ. வெங்கடசாமி ஐயா அவர்களுக்கு,

மதுரையில் உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1976-ல்தான் தொடங்குவார்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர், ஒரு வீட்டில் போட்ட 11 படுக்கைகள், அதிலிருந்து வளர்ந்த அரவிந்த் கண் மருத்துவமனை. எனக்கு அதற்கும் முப்பது வருடம் முன்னால் போக வேண்டும். ராணுவச் சீருடையில் இருந்த அந்த இளம் டாக்டரிடம் போக வேண்டும். எங்கள் குடும்பம் உங்களுக்குப் பட்ட கடன் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் எண்ணம்.

எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் ஊரான அயன் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தீர்கள். காகிதமும் பென்சிலும் இல்லாத பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி எழுதிப் படித்தீர்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை ஸ்டான்லி. சொந்தத்தில் இளம்பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்த உங்களுக்குப் பிரசவ மருத்துவர் ஆக வேண்டும் என்பதே ஆசை. படித்து முடித்த கையோடு ராணுவ மருத்துவப் படைக்குப் போனீர்கள். உலகப் போரின் கடைசி வருடமான 1945-லிருந்து மூன்று வருடம் அங்கே வேலை. 1948-ல் வெளியே வந்தது பதக்கத்தோடு அல்ல, முடக்குவாதத்தோடு. வருடக்கணக்கில் வலி, படுத்த படுக்கை. எழுந்தபோது கைவிரல்கள் கோணிப்போய் அப்படியே நின்றுவிட்டன.

பிரசவம் பார்க்க அந்தக் கை உதவாது என்றானது. கண் மருத்துவம் படித்தீர்கள். கோணிய விரல்களுக்குத் தோதாகக் கருவிகளைச் செய்துகொண்டு, கத்தியைப் பிடிக்கக் கையைப் பழக்கினீர்கள். 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரிக்கும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்கும் வந்து சேர்ந்தீர்கள். அந்தக் கையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தீர்கள். உங்களைப் பற்றிய புத்தகத்தில் இந்த இடத்தைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் நான் அதை மூடி வைத்துவிடுகிறேன். அடுத்த வரிக்குப் போக மனம் வருவதில்லை.

ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது அந்த ஒரு லட்சத்துக்காக மட்டும் அல்ல. கை எந்த நாளும் கைவிட்டுவிடலாம் என்பதை முப்பது வயதிலேயே தெரிந்துகொண்ட மனிதர் நீங்கள். அதனால்தானோ என்னவோ, ஒரு பெரிய டாக்டரின் கைராசியை நம்பி நிற்கிற ஆஸ்பத்திரியை நீங்கள் கட்டவில்லை. வேலையைப் பகுத்துப் பகுத்து, இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடியதாக ஆக்கினீர்கள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயாராக வைத்திருப்பார்கள். டாக்டர் திரும்பினால் போதும். அந்தத் தயார்ப்படுத்தலை யார் செய்தார்கள்? பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள்.

மேலூர்ப் பக்கம் எங்கள் தெருவிலிருந்தும் ஒரு அக்கா போனார். பஸ்ஸில் தனியாக மதுரை போய்வராத வீட்டுப் பெண். இரண்டு வருடப் பயிற்சி முடிந்து ஊருக்கு வந்தபோது, பெரியவர்கள் அவரைத் திண்ணைக்குக் கூப்பிட்டு இமையை விலக்கிக் காட்டினார்கள். எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் சொல்லுக்கு ஆண்கள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். அந்த அக்காதான் என் அப்பத்தாவை உங்கள் கண் முகாமுக்கு அனுப்பி வைத்தார்.

அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. சந்தைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். நோட்டைத் தடவிப் பார்த்து, "இது அஞ்சா, பத்தாடா?" என்று எங்களைக் கேட்பார், ஊரார் முன்னால் கேட்க வெட்கப்படுவார். அவருடைய அக்காவுக்கு முன்பே ஆபரேஷன் ஆகியிருந்தது. அது கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் முறை எங்கள் பக்கம் வராத காலம். சோடாபுட்டிக் கண்ணாடி உடைந்த அன்றே அவர் மறுபடி பார்வை இல்லாதவர் ஆனார். அப்பத்தாவுக்கு அந்தப் பயம் இருந்தது. அவர் போனது தொண்ணூறுகளின் பிற்பகுதியில். அதற்குள் காலம் மாறியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் நூறு டாலருக்கு மேல் ஆன லென்ஸை, 1992-ல் தொடங்கிய உங்கள் ஆரோலேப் தொழிற்சாலை மதுரையிலேயே செய்து சுமார் பத்து டாலருக்குக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. கிழவிக்கு எதற்கு லென்ஸ், கண்ணாடி போதாதா என்று நீங்கள் நினைக்கவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகத் தனியாக ஒரு கும்பிடு.

வண்டியில் கூட்டிப்போனார்கள், சோறு போட்டார்கள், திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். முகாமில் பரிசோதித்து ஆபரேஷனுக்கு வரச் சொன்னவர்களில் பலர் வராமலே போனபோது, வராதவர்களைக் குறை சொல்லாமல் ஏன் வரவில்லை என்று கேட்டுப் பார்த்தவர்கள் உங்கள் ஆட்கள். பஸ் காசு, சாப்பாடு, கூட வர ஆள், இதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு வந்த ஏற்பாடு அது. அப்பத்தாவிடம் யாரும் வருமானச் சான்று கேட்கவில்லை. பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதை வைத்தே முடியாதவர்களுக்கும் வைத்தியம் நடந்தது. இந்தக் கணக்கை ஹார்வர்டில் பாடமாக வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனாலும், சந்தையில் நின்று மிச்சச் சில்லறையை அப்பத்தா தானே எண்ணி வாங்கினார் பாருங்கள், அதற்குமுன் எனக்கு ஹார்வர்டு சின்னதுதான்.

உங்கள் வீட்டாரையும் சேர்த்தே வணங்க வேண்டும். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, கட்டடமும் கணக்கும் பார்த்த தம்பி சீனிவாசன். ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் ஆரம்பித்த காரியத்துக்கு வீட்டு நகையைக் கொடுத்தவர்கள். தகப்பனார் போன பிறகு தம்பி தங்கைகளை ஆளாக்கிய அண்ணனாக, கல்யாணமே செய்துகொள்ளாமல் இருந்தீர்கள். அவர்களும் பதிலுக்குத் தங்கள் வாழ்க்கையைக் கொடுத்தார்கள்.

2006 ஜூலை 7 அன்று, 87 வயதில் நீங்கள் போனீர்கள். மறுநாளும் மதுரை அண்ணா நகரில் உங்கள் ஆஸ்பத்திரியில் புறநோயாளிகள் வரிசை இருந்தது, இன்றும் இருக்கிறது. உங்களிடம் கற்றவர்களிடம் கற்றவர்கள் இப்போது நேபாளத்திலும் ஆப்பிரிக்காவிலும் கண் பார்க்கிறார்கள். எங்கள் தெரு அக்காவுக்கு இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. அப்பத்தா சொல்லாமல் போன நன்றியையும் அக்கா சொல்ல நேரமில்லாத நன்றியையும் சேர்த்து நானே எழுதுகிறேன்.


மேலூர் வட்டாரத்திலிருந்து ஒரு பேரன்