ரப்பர் பால் சொல்லிய பாடம்

(பத்தாம் வகுப்பு மாணவியர்)

நாடுகளுக்கிடையே நடக்கும் வாணிகம் என்றவுடன் கப்பலும் துறைமுகமும் பெரிய வியாபாரிகளுமே நினைவுக்கு வருவது இயல்பு. திற்பரப்பில் வாழும் எங்களுக்கோ அது வீட்டு முற்றத்துக் கொடியிலேயே காய்ந்து கொண்டிருக்கிறது. ஆம், ரப்பர் ஷீட்டைத்தான் சொல்கிறோம். கோதையாற்று அருவியைக் காண வருவோர் வழிநெடுகப் பார்க்கும் ரப்பர் மரங்களே எங்களில் பலருடைய வீடுகளுக்குச் சோறு போடுகின்றன. பொழுது விடியுமுன் பால் வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்து, ஆசிட் கலந்து உறைய வைத்து, மெஷினில் அடித்துக் காய வைத்து, குலசேகரத்துக் கடைக்குக் கொண்டு போனால், கடைக்காரர் அன்றைய விலையைச் சொல்லுவார். அந்த விலையை அவருக்குச் சொன்னது யார்? இக்கேள்வியோடுதான் எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி அவர்கள் பன்னாட்டு வாணிகம் பற்றிய பாடத்தைத் தொடங்கினார்கள்.

முதலில், எங்கள் சமையலறையிலும் தோட்டத்திலும் பிற நாட்டிலிருந்து வந்தவை எவை என்று எழுதி வரச் சொன்னார்கள். ரேஷன் கடைப் பாமாயில் மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பனையிலிருந்து வருவது. நாம் மீன் குழம்போடு உண்ணும் மரச்சீனிக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கொல்லாமரமும் ரப்பர் மரமும் அந்தக் கண்டத்தைச் சேர்ந்தவையே. கிராம்பு இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்தது. மிளகோ நம் மலையிலிருந்து உலகுக்குச் சென்றது.

அந்த மிளகுக்காகவே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி திருவிதாங்கூரோடு மோதி, 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றது. அப்போது சிறைப்பட்ட தளபதி டிலனாய், பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளித்தார். அவர் வழியாகத்தான் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை கிறிஸ்துவை அறிந்தார். 1745-இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆகி, 1752-இல் காற்றாடிமலையில் உயிர் நீத்து, 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார். வாணிகப் போட்டி போரைக் கொண்டுவந்தது; இறைவனோ அதன் வழியே நம் மாவட்டத்திற்கு ஒரு புனிதரைத் தந்தார்.

ரப்பரின் கதையும் வியப்பானதே. 1876-இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் பிற ஆசிய நாடுகளுக்கும் வந்தன. இன்று உலகில் மிகுதியாக ரப்பர் விளைவிப்பது தாய்லாந்து, அடுத்தது இந்தோனேசியா. ஆகவே குலசேகரத்து விலை குலசேகரத்தில் மட்டும் பிறப்பதில்லை. 2011-இல் ஒரு கிலோ 240 ரூபாய் அளவுக்கு ஏறிய ரப்பர், 2016-இன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. வெளிநாடுகளில் விளைச்சல் பெருகியதும், சீனாவில் தேவை குறைந்ததும், கச்சா எண்ணெய் விலை வீழ்ந்து செயற்கை ரப்பர் மலிவானதும் அதற்குக் காரணங்கள். அக்காலத்தில் நாங்கள் சின்னஞ்சிறு பிள்ளைகள். பால் வெட்டு நின்று போய், அப்பா கேரளத்துக்குக் கொத்து வேலைக்குச் சென்றதை எங்களில் சிலர் இன்றும் மறக்கவில்லை.

ஒரு நாள் சகோதரி அவர்கள் வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்து வாதிடச் செய்தார்கள். ஓர் அணி தோட்டக்காரர்கள். மற்றது டயர் ஆலையினர். 2015-இல் இறக்குமதி ரப்பருக்கான வரி, 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது என வைக்கப்பட்டது. கரும்பலகையில் கணக்குப் போட்டோம். வெளிநாட்டு ரப்பர் 200 ரூபாய் என்றால் வரி 30 ரூபாய். 100 ரூபாய் என்றால் 25 ரூபாய். 80 ரூபாய் என்றால் 20 ரூபாய்தான். "விலை விழும்போதுதானே எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும்? அப்போது வரியும் கூடவே விழுகிறதே!" என்று தோட்டக்கார அணி கேட்டது. "2023-24-இல் நம் நாட்டின் விளைச்சல் எட்டரை லட்சம் டன் அளவுதான், தேவையோ 14 லட்சம் டன். வெளியிலிருந்து வராவிட்டால் ஆலை எப்படி ஓடும்? டயர் விலை ஏறினால் என் அப்பா ஆட்டோவை எப்படி ஓட்டுவார்?" என்றாள் எதிரணித் தோழி ஒருத்தி.

"வெளிநாட்டுச் சரக்கே வேண்டாம்" என்று ஒரு குரல் எழுந்தது. உடனே அதே அணியிலிருந்து இன்னொருத்தி எழுந்தாள். அவளுடைய அம்மா வேலை செய்வது முந்திரி ஆலையில். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் அண்டி ஆபீசில். "நம் நாட்டுக் கொட்டை ஆலைகளுக்குப் போதாது. ஐவரி கோஸ்ட், தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை வராவிட்டால் எங்கள் அம்மாவுக்கு வேலை ஏது?" என்றாள். வகுப்பே அமைதியானது. ஒரே வீட்டில் அப்பாவின் கூலியை ஓர் இறக்குமதி குறைக்கிறது; அம்மாவின் கூலியை மற்றோர் இறக்குமதி காக்கிறது.

சகோதரி அவர்கள் யாருக்கும் வெற்றி என்று தீர்ப்புக் கூறவில்லை. "இந்த வழக்கில் இங்கே வராத ஒருத்தி இருக்கிறாள். தாய்லாந்தில் பால் வெட்டுபவரின் மகள். அவள் என்ன சொல்லுவாள்?" என்று மட்டும் கேட்டார்கள். விலை விழுந்தால் அவள் வீட்டிலும் அடுப்பு எரிவது கடினம்தானே! அவளை எதிரி என்று எங்களால் எழுத முடியவில்லை.

திருத்தந்தை புனிதர் ஆறாம் பவுல் 1967-இல் வெளியிட்ட 'மக்களின் முன்னேற்றம்' என்னும் சுற்றுமடல் பற்றியும் அன்று அறிந்தோம். வலியவரும் எளியவரும் செய்து கொள்ளும் வாணிகத்தில் இருவரும் சம்மதித்தார்கள் என்பதனால் மட்டும் அது நீதியாகிவிடாது என்பது அதன் கருத்து. தொழிலாளியின் கூலிக்குப் பொருந்தும் அதே நீதி நாடுகளுக்கும் பொருந்துமாம். வாணிகம் நல்லதா, கெட்டதா என்று ஒரே சொல்லில் விடை எழுத முடியாது. யாருடைய உழைப்பு, யாருக்கு எவ்வளவு, அடி விழும்போது தாங்குபவர் யார் என்று கேட்டுப் பார்த்தே எடை போட வேண்டும் என்பதே நாங்கள் கற்ற பாடம்.

இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் ஒரு தாள் தொங்குகிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரப்பர் ஷீட் விலையையும் மிளகு விலையையும் அதில் குறித்து வருகிறோம். ஏறினாலும் இறங்கினாலும் காரணம் தேடுகிறோம். அன்பார்ந்த பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள்: கடையில் பெற்ற துண்டுச் சீட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், பெண்பிள்ளைகளாகிய எங்களிடமும் காட்டுங்கள். வீட்டின் வரவு செலவு தெரிந்தால் உலகத்தின் வரவு செலவும் எங்களுக்குப் புரியும். நாளை விலை பேசும் இடங்களில் நாங்களும் அமர வேண்டியவர்கள் அல்லவா!