உடம்புக்குக் குளிர்ச்சி

பருத்தி பனியன் போடாமல் நான் வீட்டை விட்டு வெளியே கிளம்பியதில்லை. கல்யாணத்துக்கும் சரி, காய்கறிக் கடைக்கும் சரி. ‘உடம்புக்குக் குளிர்ச்சிடா’ என்று அப்பா பழக்கிவிட்டது. அவர் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்று ஐஸ்லாந்தில் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

அங்கே சில்ஃப்ரா என்று ஓர் இடம். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து காரில் முக்கால் மணி நேரம், திங்வெட்லிர் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 930-ல் அந்த ஊர்க்காரர்கள் முதன்முதலாக நாடாளுமன்றம் கூட்டிய இடமும் அதுதான். வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் வருஷத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்க, நடுவில் பூமி வெடித்துக் கிடக்கிறது. வெடிப்பு நிறையத் தண்ணீர். பனியாறு உருகி, எரிமலைப் பாறைக்குள் பல பத்து வருஷம் வடிகட்டப்பட்டு வருகிற தண்ணீர். நூறு மீட்டர் தள்ளி இருப்பதுகூடத் துல்லியமாகத் தெரியும். கோடையோ குளிர்காலமோ, 2 முதல் 4 டிகிரிதான். ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீரே இதைவிடத் தேவலாம்!

அதில் மூழ்கிப் பார்க்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் படிக்கும் என் மகளின் ஆசை. இரண்டு வருஷமாகப் பகுதிநேர வேலை பார்த்துக் காசு சேர்த்திருந்தாள். டைவிங்கில் தனியாக இறங்கக் கூடாது, ஜோடி வேண்டும். “நீங்க வர்றீங்களாப்பா?” என்று கேட்டாள். இருபது வயதுப் பெண் அப்பாவைக் கூப்பிடுகிறாள். விடுவேனா?

ட்ரை சூட் போட்டுத்தான் இறங்க வேண்டும். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கிப் பிடிக்கும். உள்ளே சொட்டுத் தண்ணீர் வராது. ஆனால், அந்த உடுப்பு நம்மைச் சூடாக வைக்கும் என்று நினைத்தால் அங்கேதான் தப்பு. பல உடுப்புகள் வெறும் ரெயின்கோட் மாதிரிதான். தண்ணீர், காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். அதைத் தடுப்பது உள்ளே போடுகிற துணி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தத் துணி பிடித்துவைத்திருக்கும் காற்று.

ஆழத்தில் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிப்பவர்கள்கூட அதை உடுப்புக்குள் விட மாட்டார்கள். ஹீலியம் காற்றைப் போல ஆறு மடங்கு சூட்டைக் கடத்திவிடும்.

சரி, எந்தத் துணி? தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர். வேர்வையை இழுத்து வெளியே தள்ளுவது அதன் வேலை. அதற்கு மேல் ஃப்ளீஸ் அல்லது தின்சுலேட் அடைத்த முழு உடுப்பு. கீழே போகப் போகத் தண்ணீர் அமுக்கும். உள்ளே காற்று சுருங்கும். மார்பில் இருக்கும் பொத்தானை அழுத்தி சிலிண்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விட்டுக்கொள்ள வேண்டும். அமுங்கினாலும் தட்டையாகாத துணிதான் தேவை. புசுபுசுவென்ற இறகு ஜாக்கெட் அங்கே நமத்த அப்பளம். நிறையப் போட்டாலும் வம்பு. மிதப்பு கூடும், இடுப்பில் ஈயமும் கூடும். இரண்டு சாக்ஸை இறுக்கித் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லிட்டுப் போகும்.

இதெல்லாம் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். ஆனால், பயிற்சி நடந்தது ஆகஸ்டில், இங்கிலாந்தில் தண்ணீர் நிரம்பிய ஒரு பழைய கல்குவாரியில். 17, 18 டிகிரி. பனியனும் ட்ராக் சூட்டும் போட்டு இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியம்தான்.

சில்ஃப்ராவில் வழிகாட்டியாக வந்த அம்மா, “உள்ளே பருத்தி எதுவும் வேண்டாம்” என்று இரண்டு தடவை சொன்னார். தலையாட்டினேன். திறந்த பார்க்கிங்கில், பத்துப் பேர் பார்க்க, தொப்பையைக் காட்டிக்கொண்டு பனியனைக் கழற்றுவதா?

“அப்பா, பனியனைக் கழட்டிட்டீங்கல்ல?”

“ஆச்சும்மா.”

சிலிண்டர், ஈயம் என்று முப்பது கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு தண்ணீர் வரை நடக்க வேண்டும். அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. பனியன் மொத்தத்தையும் பத்திரமாகக் குடித்துவைத்துக்கொண்டது.

இறங்கியதும் முகத்தில் ஊசி குத்தியது. அப்புறம் நீலம். அப்படி ஒரு நீலத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முன்னால் மகள் மிதக்கிறாள். தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, ஆகாயத்தில் தொங்குகிற மாதிரி இருந்தாள். பத்து நிமிஷம் சொர்க்கம்.

பிறகு முதுகில் யாரோ ஈரத்துண்டைப் போர்த்தினார்கள். நடுக்கம் ஆரம்பித்தது. உடம்பு நடுப்பகுதியைக் காப்பாற்ற முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். காற்றுப் பொத்தானைத் தேடுகிறேன். கை அங்கே இருக்கிறது, அழுத்துகிறேனா இல்லையா என்று தெரியவில்லை. அப்போதுதான் பயந்தேன். இரண்டு கைகளாலும் என்னையே கட்டிக்கொண்டு தேய்த்துக் காட்டினேன். ‘குளிர்கிறது’ என்பதற்கு அதுதான் சைகை.

வழிகாட்டி மூன்று பேரையும் மேலே ஏற்றிவிட்டார். ஜோடியில் ஒருவர் ஏறினால் மற்றவரும் ஏற வேண்டும். கடைசியில் வரும் லகூன்தான் அவள் வருஷக்கணக்காகப் படத்தில் பார்த்து ஏங்கிய இடம். அதன் மேலே மல்லாந்து நீந்தி, படியேறினோம்.

உடுப்பைக் கழற்ற அவள்தான் உதவினாள். பனியனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். சொட்டியது.

“தண்ணி உள்ள வரவே இல்லப்பா. இது உங்க வேர்வை.”

திட்டியிருக்கலாம். சூடாக சாக்லேட் பானம் கொடுத்தார்கள். என் விரல்கள் கோப்பையைப் பிடிக்கவில்லை என்று அவளே வாயருகே பிடித்துக்கொண்டாள். நான் என்னென்னவோ சொல்ல நினைத்து, “ஸாரிம்மா” என்றேன். “குடிங்கப்பா” என்றாள்.

மறுநாள் ரெய்க்யவிக் கடையில் ஒரு மெரினோ உள்சட்டை வாங்கினேன். விலையை என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. சென்னை வீட்டு அலமாரியில், பனியன்களுக்கு நடுவே அது சும்மா கிடந்தது.

இந்த ஜூனில் அவள் திரும்பப் போகிறாள். ஜோடி, கூடப் படிக்கும் பெண். சட்டையை கூரியரில் அனுப்பிவைத்தேன். கிடைத்ததா என்று போன் செய்தேன்.

“கிடைச்சுதுப்பா. ஆனா எனக்கு லூஸா இருக்கு. தோலோட ஒட்டி இருந்தாத்தான் வேர்வையை இழுக்கும். உங்க கிட்டயே வெச்சுக்கோங்க.”