நாலு இறக்கை ஈ

சென்ற வருஷம் பங்குனி மாதக் கடைசியில் நமக்கு எதிர்பாராத விதமாகத் தூதர் உத்தியோகம் ஒன்று கிடைத்தது. சம்பளம் கிடையாது. திருச்சிக்குப் போக வர ரயில் சார்ஜும் நம்முடையதே. நம் தம்பியின் புதல்வி அவ்வூர்க் கல்லூரி ஒன்றில் பிராணி சாஸ்திரம் இரண்டாம் வருஷம் படித்துக் கொண்டிருந்தாள். கோடை விடுமுறையில் அவளைப் பாங்கிப் பரீட்சைக்குத் தயார் செய்ய வேண்டுமென்று தம்பி ஒரு பயிற்சிக் கூடத்தில் முன்பணமும் கட்டி வைத்திருந்தான். அந்தச் சமயம் பார்த்து வேறொரு தகவல் வந்து சேர்ந்தது. நாட்டின் மூன்று விஞ்ஞான அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்தில் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். பெங்களூரில் இரண்டு மாதம் தங்கி ஈ வளர்க்க வேண்டுமாம்!

"அண்ணா, நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள்" என்றான் தம்பி. ஈயை விரட்டுவதற்கே நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரயாசைப்பட்டு வந்திருக்கிறோம். அதை வளர்ப்பதற்கு ஒரு சர்க்கார் திட்டமா என்று நினைத்துக்கொண்டே ரயில் ஏறினோம்.

பெண் நம்மை உபதேசம் ஆரம்பிக்கவே விடவில்லை.

"பெரியப்பா, தேனீக்கு இறக்கை எத்தனை?"

"நாலு."

"ஈக்கு?"

"இரண்டு."

"மற்ற இரண்டும் எங்கே போயின?"

இப்படி ஒரு கேள்வியை நம்மிடம் யாரும் கேட்டதில்லை. ஈயின் முன் இறக்கைகளுக்குப் பின்னால் குண்டூசித் தலை போன்ற இரண்டு சிறு குமிழ்கள் இருக்கின்றன என்றாள் அவள். பறக்கும்போது உடம்பு சாயாமல் நிதானப்படுத்துவது அவற்றின் வேலை. பின் இறக்கைகள் இருந்திருக்க வேண்டிய இடம் அதுதான். பிறகு தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். சாட்சாத் பழ ஈ, நாலு இறக்கைகளுடன்! அல்ட்ராபைதோராக்ஸ் என்கிற மரபணு அந்த இடத்தில் வேலை செய்யாமற் போனால் குமிழ்கள் இறக்கைகளாகவே வளர்ந்துவிடுமாம்.

அந்த ஈயின் சரித்திரத்தைப் பிற்பாடு நாமும் தேடிப் படித்தோம். ஆராய்ச்சி என்றால் நம்மவர்களுக்கு நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுந்தான் ஞாபகத்துக்கு வரும். இந்தச் சரித்திரமோ பட்டம் வாங்காத பிள்ளைகளிடம் ஆரம்பமாகிறது. நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையில் தாமஸ் ஹண்ட் மார்கன் என்பவர் ஒரு சிறிய அறையில், பால் புட்டிகளில் பழ ஈக்களை வளர்த்து வந்தார். அங்கே புட்டி கழுவ வந்த மாணவன் கால்வின் பிரிட்ஜஸ். கழுவ வேண்டிய புட்டிக்குள் வேறு மாதிரிச் சிவந்த கண்ணுள்ள ஈ ஒன்றைக் கனத்த கண்ணாடியினூடே வெறுங் கண்ணால் பார்த்துச் சொன்னான். அன்றோடு புட்டி கழுவும் வேலை போயிற்று. ஈ பார்க்கும் வேலை வந்தது. ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட் என்ற இன்னொரு மாணவன் 1911-ல் ஓரிரவு கல்லூரிப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மரபணுக்கள் வரிசையாக அமைந்திருப்பதைக் காட்டும் முதல் படத்தை வரைந்து முடித்தான். (மாணவ நேயர்கள் இதை வீட்டில் காட்டி அநுமதி கேட்க வேண்டாம்.) 1915-ல் குமிழ் இறக்கையாக மாறத் தொடங்கிய முதல் ஈயைக் கண்டுபிடித்தவரும் அதே பிரிட்ஜஸ்தான்.

அந்த ஈயின் பரம்பரை எட்வர்ட் லூயிஸ் கைக்கு வந்தது. இவர் பென்ஸில்வேனியாவில் பள்ளிக்கூடம் படிக்கும்போதே பத்திரிகை விளம்பரம் பார்த்து ஈக்களைத் தருவித்து வளர்த்தவர். புல்லாங்குழல் வாசிப்பதில் கெட்டிக்காரர். கல்லூரிப் படிப்பின் முதல் வருஷத்தை அந்தச் சங்கீத உபகாரச் சம்பளத்தில் கழித்தார். பிறகு மின்னஸோட்டாவில் மாணவராக இருந்தபோது ஓர் ஆசிரியர் தம் ஆராய்ச்சிச் சாலையில் ஒரு மேஜையை ஒழித்துக் கொடுத்தார். அந்த ஒரு மேஜை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ? முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஒரு மரபணுக் கூட்டத்தையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்து 1978-ல் பெரிய கட்டுரையை வெளியிட்டார். 1995-ல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது எழுபத்தேழு. இதே குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் எலிக்கும் மனிதனுக்கும் உண்டென்பது 1980-களில் தெரிந்து போயிற்று. ஈக்கு எட்டு, நமக்கு முப்பத்தொன்பது.

இதெல்லாம் ஈயோடு நிற்கவில்லை. ஈ, நண்டு, தேள், மரவட்டை எல்லாம் கணுக்காலிகள் என்னும் ஒரே வமிசம். இறாலை எடுத்துக்கொள்வோம். நாம் சாப்பிடுகிறவரல்ல, பெண் சந்தையில் வாங்கிக் காட்டியதை எட்ட நின்று பார்த்தோம். நடக்கும் கால் ஐந்து ஜோடி, நீந்தும் கால் ஐந்து ஜோடி. இவை தவிர, வாயருகே உணவைத் தள்ளிக் கொடுக்க மூன்று ஜோடி. இவற்றை வாய்க்கால் என்று மொழிபெயர்த்தால் தண்ணீர் ஓடும். ஆகையால் ஊட்டுங் கால் என்போம். மிகாலிஸ் அவெராஃப், நிபம் படேல் இருவரும் 1997-ல் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். இந்த வகைப் பிராணிகளில் அல்ட்ராபைதோராக்ஸ் மார்பின் முன் பாகத்திலிருந்து எத்தனை கண்டம் பின்வாங்கியிருக்கிறதோ, அத்தனை ஜோடி ஊட்டுங் கால்கள் இருக்கின்றன. ஊகந்தானே என்று கேட்கலாம். பார்ஹயலே என்ற சிறு கடற் பிராணி இருக்கிறது. அதன் ஆராய்ச்சி வமிசம் சிகாகோ நகரத்துக் காட்சிசாலை ஒன்றின் நீர் வடிகட்டியிலிருந்து வந்தது. 2009-ல் அதன் கருவில் அந்த மரபணுவின் வேலையைக் குறைத்துப் பார்த்தார்கள். மார்புக் கால்கள் சில ஊட்டுங் கால்களாக மாறலாயின!

இன்னும் தீராத கேள்வி பெண்ணின் முதற் கேள்விதான். தேனீயின் பின் இறக்கையிலும் இந்த மரபணு வேலை செய்கிறது. அங்கே இறக்கை இறக்கையாகவே இருக்கிறது. அப்படியானால் ஈக்கு மாத்திரம் குமிழ் ஏன்? அதன் ஆணைக்குக் கீழ்ப்படியும் மற்ற மரபணுக்கள்தான் மாறியிருக்க வேண்டும். எல். எஸ். சசிதராவும் அவருடைய மாணவர்களும் ஈயையும் தேனீயையும் ஒப்பிட்டுப் பல வருஷம் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நம் தேசத்திலேயே இந்த வேலை நடக்கிறதென்பதை அறிந்தபோது நமக்கு உண்டான சந்தோஷத்தை மறைப்பானேன்?

"பாங்கிப் பரீட்சை அடுத்த வருஷமும் வரும், பெரியப்பா. இந்த இடம் வராது" என்றாள் பெண். தூதர் எதிரி முகாமில் சேர்ந்துவிட்டார் என்று தம்பி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பெங்களூரில் முதல் பத்து நாள் சமையல் உத்தியோகந்தான். சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் எல்லாம் சேர்த்துக் காய்ச்சி ஈக்களுக்குக் கஞ்சி வார்த்தாளாம். வீட்டில் அடுப்பைத் திரும்பிப் பார்க்காதவள் என்று அவள் தாயார் பெருமூச்சு விட்டாள். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து சுமார் எட்டு மணி நேரத்துக்குள் பெண் ஈக்களைத் தனியே பிரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் யாரென்று சொல்ல முடியாது. அதற்காகக் காலையிலும் இரவிலும் நடை. அப்புறம் புழுவைக் கீறி, பின்னால் குமிழாகப் போகிற மொட்டை எடுக்கப் பழகினாள். அது கடுகிலும் சிறியது. முதல் வாரம் எடுத்ததெல்லாம் கிழிந்து போயிற்று. தொலைபேசியில் அவள் அழுத ஒரே நாள் அதுதான். அவள் கல்லூரியில் வகுப்பு முழுவதற்கும் நல்ல நுண்பெருக்கி ஒன்றே ஒன்று. கைக்குப் பழக்கம் எங்கிருந்து வரும்? நம் பிள்ளைகளுக்கு மூளை இல்லையென்று பேசுகிறவர்கள் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

ஏழாவது வாரம் கிழியாத மொட்டு ஒன்று கண்ணாடித் தகட்டில் ஏறியது. அதன் படத்தை நமக்கு அனுப்பினாள். இருட்டில் பச்சையாக ஒளிரும் ஒரு சிறு வட்டம். ஒளிருமிடமெல்லாம் அல்ட்ராபைதோராக்ஸ் இருக்கிறதென்று எழுதியிருந்தாள். தம்பி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதற்கு உத்தியோகம் உண்டா?" என்று கேட்டான். உண்டென்று நம்மால் சத்தியம் செய்ய முடியவில்லை.

இப்போது அவள் கடைசி வருஷத்தில் இருக்கிறாள். மார்கழியில் இரண்டு விண்ணப்பங்கள் போயிருக்கின்றன. ஒன்று பாங்கிக்கு, இன்னொன்று ஆராய்ச்சிப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சைக்கு. இரண்டுக்கும் பணம் கட்டியவன் தம்பிதான்.