கிலோவுக்குக் கூலி, நேரத்துக்கு யார் கூலி?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்கு வருகிறவர்கள் அருவி பார்க்கிறார்கள், அறப்பளீஸ்வரரைக் கும்பிடுகிறார்கள், மிளகு வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். மார்கழிக் குளிரில் அரியூர் நாட்டுக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. மூன்று குளிர்காலம் அங்கே போய்த் தங்கிப் பேசியிருக்கிறேன். அவர்கள் மலையாளிப் பழங்குடிகள். நான் சமவெளியில் ஒரு சேரியில் பிறந்தவன். ஆனால் கூலிக் கணக்கு என்று பேச்செடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே கதைதான்.

காப்பிப் பழம் ஒரே நாளில் பழுக்காது. ஒரே கொத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் சேர்ந்தே இருக்கும். சிவந்ததை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். பச்சை கலந்தால் தரம் போய்விடும். அதனால் கார்த்திகையிலிருந்து தை, மாசி வரை ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்பி வர வேண்டும். காலையில் இலையெல்லாம் பனி. கொஞ்ச நேரத்தில் சேலை நனைந்து விரல் மரத்துப்போகும். பனி காயட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரத்துக்குக் கூலி இல்லை.

ஏனென்றால் கூலி கிலோ கணக்கு. நடுப்பருவத்தில் செடி நிறையப் பழம், கை வேகமாக ஓடும். முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் ஒரு செடிக்கு ஒரு பிடி தேறினால் பெரிது. பாடு அதே பாடு. சாயங்காலம் தராசில் எடை மட்டும் இறங்கிவிடும். அதிலும் ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு. “செடி பழுக்கலைன்னா அது என் குத்தமா தம்பி?” என்று ஒரு அக்கா கேட்டார்.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது தோழர்களே. அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது 1946-இல் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொண்டுவந்தார். 1948-இல் அது சட்டமானது. காப்பித் தோட்டமும் அதன் பட்டியலில் இருந்தது. நாள் கூலி நிர்ணயித்த தொழிலில் எடைக்கணக்கில் வேலை வாங்கினாலும், அந்த நாள் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது 17-வது பிரிவு. 2019-இல் இயற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த விதி இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு என்று 1982-இல் ஆசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியானால் பழம் குறைந்த நாளின் நட்டம் முதலாளியுடையது. அதைத் தராசு வழியாகத் தொழிலாளியின் தலையில் இறக்கிவைக்கிறார்கள். நல்ல விலை விற்ற வருடம் லாபத்தில் பங்கு தருகிறார்களா? இல்லை. நட்டத்தில் மட்டும் எப்படிப் பங்கு?

இதைக் கேட்க ஆதாரம் வேண்டும். தோட்டத்து நோட்டில் கிலோ மட்டுமே இருக்கிறது, நேரம் இல்லை. அதனால் கொல்லிமலைக்குப் போகும் மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். தேதி, வேலைக்குப் போன நேரம், திரும்பிய நேரம், எடை, கழிவு, கையில் வந்த காசு. ஒரு பருவம் விடாமல் எழுதட்டும். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மனுவோடு போகும்போது, நம் கோபத்தைவிட அந்த நோட்டு பலமாகப் பேசும்.