51ஆவது பெயர்

ஆஸ்திரேலியாவின் தேசியக் கூடைப்பந்து லீக்கை விரும்பிப் பார்க்கும் ரசிகரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அமெரிக்காவில் இடம் கிடைக்காதவர்கள் ஆடும் லீக்தானே அது?" கேட்பவர்களிடம் பெரும்பாலும் இகழ்ச்சி இருப்பதில்லை. உலகின் மிகச் சிறந்த ஆட்டம் கைபேசியிலேயே கிடைக்கும்போது, அதற்கு அடுத்த நிலையில் உள்ளதை எதற்காகப் பார்க்க வேண்டும் என்ற இயல்பான ஐயம்தான். இந்தியாவில் இருந்துகொண்டு இரண்டு லீக்குகளையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஒரு ரசிகர், இக்கேள்விக்கு முதலில் சினத்தோடும், பிறகு புள்ளிவிவரங்களோடும், இப்போது ஓரளவு நிதானத்தோடும் விடை சொல்கிறார்.

அவருடைய நாளை இரண்டு லீக்குகளும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. நியூயார்க்கில் இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் என்.பி.ஏ. ஆட்டம், அங்கே குளிர்காலமாக இருக்கும்போது, இங்கே காலை 6 மணி. சிட்னியில் கோடை இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் என்.பி.எல். ஆட்டம் இங்கே பிற்பகல் 2 மணி. விடுதி விழிக்கும் முன் ஒன்று. மதிய உணவுக்குப் பின், நூலகத்துக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில் மற்றொன்று. ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பவருக்குத் தர வேறுபாடு தெரியாமல் இருக்க வழியில்லை. காலையில் பார்த்த வேகமும் உயரமும் எறிதிறனும் பிற்பகலில் அதே அளவில் இல்லை. அதை மறுப்பது ரசனையாகாது என்பதை அவர் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்.

ஆயினும் இரண்டும் ஒரே பொருளின் பெரிய வடிவமும் சிறிய வடிவமும் அல்ல. 1946இல் தொடங்கிய என்.பி.ஏ.வில் இன்று 30 அணிகள். அணிக்கு 82 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 48 நிமிடங்கள். 1979இல் தொடங்கிய என்.பி.எல்.இல் 10 அணிகள். அவற்றுள் ஒன்று நியூசிலாந்தைச் சேர்ந்தது. ஒவ்வோர் அணியும் ஆடுவது ஏறத்தாழ 30 ஆட்டங்கள். 2009இல் பன்னாட்டு விதியை ஒட்டி ஆட்ட நேரத்தை அங்கே 40 நிமிடங்களாகக் குறைத்தார்கள். அதற்கு முன்பே, 1998இல், ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தும் ரக்பியும் கோலோச்சும் குளிர்காலத்தை விட்டு லீக் கோடைக்குக் குடிபெயர்ந்திருந்தது.

இவ்வெண்கள் ரசிகரின் மனநிலையையும் தீர்மானிக்கின்றன. 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஒரு தோல்வியை மறுநாளே மறந்துவிடலாம். நட்சத்திர வீரர்களுக்கு ஓய்வு கொடுத்து உட்கார வைக்கும் வழக்கம் பெருகியதால், முதன்மையான விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்று 2023–24 பருவத்தில் என்.பி.ஏ. விதியே செய்ய வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவில் அத்தகைய விதிக்குத் தேவை எழவில்லை. 30 ஆட்டங்களில் நான்கைத் தொடர்ந்து தோற்றால் பருவமே சரிந்துவிடும். கால்பாகம் பத்தே நிமிடம் என்பதால் மூன்று நிமிடச் சோர்வுகூட மீட்க முடியாத இழப்பாகலாம். வீரர்களின் தரத்தில் உள்ள குறையை ஆட்டத்தின் நெருக்கடி ஓரளவு ஈடுகட்டுகிறது.

2022 அக்டோபரில் அடிலெய்டு 36யர்ஸ் அணி, ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியை அதன் சொந்த அரங்கிலேயே 134–124 என்று வென்றது. என்.பி.ஏ. அணி ஒன்றை என்.பி.எல். அணி வென்றது அதுவே முதல் முறை. முந்தைய பருவத்தில் 64 வெற்றிகள் பெற்றிருந்த அணி ஃபீனிக்ஸ். கிரெய்க் ராண்டல் 35 புள்ளிகள் எடுத்தார். ஆஸ்திரேலிய லீக்கின் ரசிகர்களுக்கு அன்று பேச்சு நிற்கவில்லை, இந்த ரசிகருக்கும்தான். பழைய கேள்விக்கு இனி ஒரே வரியில் விடை சொல்லலாம் என்று தோன்றியது.

அந்த வரி நெடுநாள் தாங்கவில்லை. அது பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டம். ஃபீனிக்ஸின் முதன்மை வீரர்கள் ஆட்டம் முழுதும் களத்தில் நிற்கவில்லை. சில நாள்களில் அடிலெய்டு ஓக்லஹோமா அணியிடம் தோற்றது. ஊர் திரும்பிய பிறகு சில வாரங்களிலேயே ராண்டல் அணியிலிருந்து பிரிந்தார். அந்தப் பருவத்தில் அடிலெய்டு பிளே-ஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. பெரிய லீக்கை ஒருநாள் வென்றதைச் சான்றாகக் காட்டுபவர், பெரிய லீக்தான் அளவுகோல் என்பதை முன்பே ஒப்புக்கொண்டுவிடுகிறார். அளவுகோலை ஏற்ற பிறகு அளவில் தோற்பதைத் தவிர்க்க இயலாது.

அளவுகோல் சொற்களிலும் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்து ஆடுபவரை ஆஸ்திரேலியக் கூடைப்பந்துலகம் 'இம்போர்ட்' என்று அழைக்கிறது. இறக்குமதிச் சரக்கைக் குறிக்கும் சொல்லே மனிதரையும் குறிக்கிறது. ஒரு பருவத்துக்கு வந்து, புள்ளிகளைக் குவித்துவிட்டு, வேறொரு நாட்டின் லீக்குக்குப் போய்விடுபவர் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருக்கிறது. லீக்கின் வரலாறோ அச்சொல்லுக்குள் அடங்க மறுக்கிறது. டெக்சாஸில் பிறந்த ரிக்கி கிரேஸ் 1990இல் பெர்த் வைல்ட்கேட்ஸ் அணிக்கு வந்து 2005 வரை ஆடினார். ஆஸ்திரேலியக் குடிமகனாகி 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்காகக் களமிறங்கினார். நியூயார்க்கிலிருந்து வந்த கால் புரூட்டன் லீக்கின் தொடக்க ஆண்டுகளிலிருந்தே ஆடியவர். அவர் மகன் சி.ஜே. புரூட்டன் ஆஸ்திரேலிய ஒலிம்பிக் அணியில் ஆடினார். ஃபீனிக்ஸை வென்ற நாளில் அடிலெய்டின் பயிற்சியாளராக ஓரத்தில் நின்றவர் அவரே.

என்.பி.ஏ.வின் பெயர்ப்பட்டியலிலும் இந்தக் கதை தொடர்கிறது. டான்டே எக்ஸமின் தந்தை, பென் சிம்மன்ஸின் தந்தை இருவரும் அமெரிக்காவிலிருந்து வந்து மெல்பர்ன் அணிகளில் ஆடியவர்கள். பிள்ளைகள் மெல்பர்னில் பிறந்தார்கள். கைரி இர்விங் 1992இல் அதே நகரில் பிறந்ததற்கும் அவர் தந்தை அங்குள்ள ஒரு கழகத்தில் ஆடிக்கொண்டிருந்ததே காரணம். அமெரிக்காவில் இடம் கிடைக்காத தந்தையர் என்று எளிதாகச் சொல்லிவிடக்கூடியவர்களின் வீடுகளிலிருந்து, டிராஃப்ட் எனப்படும் ஆண்டுத் தேர்வில் முதல் பெயராக அழைக்கப்பட்ட இருவர் சென்றார்கள்: 2011இல் இர்விங், 2016இல் சிம்மன்ஸ்.

2018இல் லீக் வேறொரு சொல்லைத் தானே உருவாக்கியது: 'நெக்ஸ்ட் ஸ்டார்ஸ்', அடுத்த நட்சத்திரங்கள். டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறையாதவரை என்.பி.ஏ. சேர்ப்பதில்லை. பள்ளி முடித்த இளைஞர் அந்த இடைவெளியை ஊதியம் பெற்று ஆஸ்திரேலியாவில் கழிக்கலாம்; அவருக்கான ஊதியம் அணியின் ஊதிய வரம்பில் சேராது. 2019–20 பருவத்தில் லமெலோ பால் இல்லாவாரா ஹாக்ஸ் அணியில் 12 ஆட்டங்கள் ஆடி, காயமுற்று, 2020 டிராஃப்டில் மூன்றாவதாகத் தேர்வானார். அடிலெய்டின் ஜாஷ் கிடி 2021இல் ஆறாவதாகவும், பெர்த்தின் அலெக்ஸ் சார் 2024இல் இரண்டாவதாகவும் தேர்வானார்கள். திட்டம் வெற்றி, லீக்கின் பெயர் உலகெங்கும் தெரிந்தது.

ஆனால் 'அடுத்த' என்பது ஒரு சுட்டு. இங்கே நிற்பவரை, இனி நிற்கப்போகும் இடத்தைக் கொண்டு சுட்டும் சொல் அது. லமெலோ ஆடிய பருவத்தில் ஹாக்ஸ் 28 ஆட்டங்களில் 5 மட்டுமே வென்று கடைசி இடத்தில் முடிந்தது. உலகம் பார்த்தது அந்த இளைஞரை. வோலங்காங் மக்கள் பார்த்தது தங்கள் அணியின் தோல்விகளை. 1979இலிருந்து ஒரு பருவமும் விடாமல் ஆடிவரும் ஒரே அணி அது. 2020இல் நிதி நெருக்கடியால் கைமாறியபோது புதிய உரிமையாளர்கள் பெயரிலிருந்து 'இல்லாவாரா'வை நீக்கினார்கள். தொல்குடி மொழியிலிருந்து வந்த அந்த வட்டாரப் பெயருக்காக ரசிகர்கள் போராடினார்கள். மறு ஆண்டு பெயர் திரும்பியது.

ஓர் அணி யாருடையது என்ற கேள்விக்கு இரண்டு லீக்குகளும் நற்சான்று பெற்றவை அல்ல. 2008இல், 41 ஆண்டுகள் சியாட்டிலில் ஆடிய சூப்பர்சானிக்ஸ் அணியை அதன் உரிமையாளர்கள் ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டில் சிட்னி கிங்ஸ் உரிமத்தை இழந்தது. பிரிஸ்பேன் புல்லட்ஸ் விலகியது. 2009இல் பட்டம் வென்ற சவுத் டிராகன்ஸ் அணி வென்ற கையோடு லீக்கை விட்டே போனது. பணம் மிகுந்த லீக்கில் அணி ஊர் மாறுகிறது; பணம் குறைந்த லீக்கில் அணி மாண்டுபோகிறது. சிட்னி 2010இலும் பிரிஸ்பேன் 2016இலும் திரும்பி வந்தன. டாஸ்மேனியாவுக்குக் காத்திருப்பு இன்னும் நீண்டது. 1981இல் லான்செஸ்டன் அணி பட்டம் வென்ற தீவு அது. 1996இல் ஹோபார்ட் அணி மூடப்பட்ட பின் 25 ஆண்டுகள் அங்கே அணியே இல்லை. கடுமையாகக் கொட்டும் உள்ளூர் எறும்பின் பெயரைத் தாங்கி 2021இல் வந்த ஜாக்ஜம்பர்ஸ், மூன்றாம் பருவத்திலேயே, 2024இல், பட்டம் வென்றது. இறுதித் தொடரின் நாயகன் ஜாக் மெக்வே சில மாதங்களில் ஹியூஸ்டன் ராக்கெட்ஸுக்குப் போய்விட்டார். டாஸ்மேனியா வருந்தியது, பட்டம் தீவிலேயே இருந்தது.

இந்த ரசிகரின் விடையை மாற்றியது 2015 டிராஃப்டின் பெயர்ப்பட்டியல். மொத்தம் 60 பெயர்கள். 52ஆவதாக டல்லாஸ் அணி அழைத்த பெயர் இந்தியர் எவருக்கும் நினைவிருக்கும்: பஞ்சாபின் பல்லோ கே சிற்றூரைச் சேர்ந்த சத்னம் சிங். என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். அவருக்கு நேர் மேலே, 51ஆவதாக ஆர்லாண்டோ அழைத்த பெயரை இங்கே யாரும் கவனிக்கவில்லை: கலிபோர்னியாவின் டைலர் ஹார்வி. இருவருமே என்.பி.ஏ.வின் முறையான ஆட்டம் ஒன்றிலும் களமிறங்கவில்லை. கேள்வி கேட்பவரின் அளவுகோலில் இருவரும் சமம்; இடம் கிடைக்காதவர்கள்.

ஹார்வி இத்தாலி முதலிய நாடுகளில் ஆடிவிட்டு 2020இல் வோலங்காங் வந்தார், லமெலோ போன மறு பருவத்தில். இம்போர்ட் என்ற சொல்லின்படி ஓராண்டில் போயிருக்க வேண்டியவர் ஐந்தாம் பருவத்திலும் அங்கேயே இருந்தார். 2025 மார்ச்சில் மெல்பர்ன் யுனைடெடை 3–2 என்று வென்று, 2001க்குப் பிறகு முதல் முறையாக இல்லாவாரா பட்டம் ஏந்தியபோது அவ்வணியின் தூண்களில் அவரும் ஒருவர். சத்னம் சிங் அமெரிக்காவின் வளர்ச்சி லீக்கிலும் கனடாவிலும் ஆடினார். பின்னர் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த மேடைக்குப் போனார். ஒருவர் வாழ்க்கை இவ்வழி திரும்புவதற்குக் காரணங்கள் பல; எல்லாவற்றையும் ஒரு லீக்கின் மேல் ஏற்ற முடியாது. ஆனால் 51ஆவது மனிதருக்கு ஊதியமும் அரங்கும், தன் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கும் ஓர் ஊரும் வேறொரு நாட்டில் இருந்தன. 52ஆவது மனிதர் திரும்பி வந்து பத்தாண்டு ஆடக்கூடிய நிலையான லீக் அவருடைய சொந்த நாட்டில் வேரூன்றியிருக்கவில்லை.

இரண்டாம் நிலை என்று சொல்லப்படும் நிறுவனங்களை, அங்கிருந்து எத்தனை பேர் மேலே போனார்கள் என்று மட்டுமே எண்ணும் வழக்கம் விளையாட்டோடு நிற்பதில்லை. பல்கலைக்கழகத் துறைகளையும் வெளிநாடு சென்றவர்களின் எண்ணிக்கையால்தான் மதிப்பிடுகிறார்கள். அங்கேயே தங்கி இருபது ஆண்டு நன்றாகக் கற்பித்தவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. போனவர்கள் லீக்கின் பெருமை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு லீக் இருப்பது போகிறவர்களுக்காக மட்டுமன்று. கூடைப்பந்து ஆடி வாழ விரும்பி, உலகின் முதல் 450 இடங்களுக்குள் வர முடியாதுபோன ஆயிரம் பேருக்காகவும், அவர்களைப் பார்க்க வரும் ஊர்களுக்காகவும்தான்.

"அமெரிக்காவில் இடம் கிடைக்காதவர்கள் ஆடும் லீக்தானே?" என்று இப்போது யாரேனும் கேட்டால் அந்த ரசிகர் ஆம் என்றே சொல்கிறார். அத்தகைய லீக் ஒன்று இந்தியாவில் எப்போது வரும் என்பது அவர் திருப்பிக் கேட்கும் கேள்வி.